பதிவுக் கூலி

எனக்குத் தெரிந்து எங்கள் பக்கத்தில் பாட்டுக்கென்று யாரும் காசு கொடுத்ததில்லை. ஒலிக்கவிட்டவருக்குக் கொடுத்தோம், பதிந்து தந்தவருக்குக் கொடுத்தோம், போனில் ஏற்றிவிட்டவருக்குக் கொடுத்தோம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், அதையும் தாண்டி மதுரை ரோட்டில் வத்திராயிருப்புப் பாதை பிரிகிற எங்கள் கிருஷ்ணன்கோவில் என்று இந்த வட்டாரத்துப் பாட்டுப் பைத்தியங்களின் கதையைச் சொல்வதென்றால், அந்தக் கூலியை வாங்கியவர்களின் கதையைத்தான் சொல்ல வேண்டும். நானும் அந்தப் பைத்தியங்களில் ஒருத்தன்.

முதல் ஆள் மைக் செட்காரர். கிராமபோன் பெட்டி வசதியான வீடுகளில் இருந்தது. மற்றவர்களுக்குப் பாட்டு என்பது புளியமரத்தில் கட்டிய குழாயிலிருந்து வருவது. கல்யாணம், சடங்கு, காதுகுத்து, மாரியம்மன் பொங்கல் என்று எதுவானாலும் விடியுமுன் சீர்காழி கோவிந்தராஜனின் விநாயகர் பாட்டு கேட்டால்தான் விசேஷ வீடு எது என்று ஊருக்குத் தெரியும். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய இசைத்தட்டு, பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் ஓடும். தட்டைத் திருப்ப, ஊசி மாற்ற, ஒருவர் ராத்திரி முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். வாடகை என்று வாங்கியது பெரும்பாலும் அந்தக் கண்விழிப்புக்குத்தான்.

1976-ல் அன்னக்கிளி வந்தபோது மைக் செட்காரரைச் சுற்றிச் சின்னப் பையன்கள் கூட்டம் கலையவே கலையாது என்று அப்பா சொல்வார். "இன்னொருக்கப் போடுங்கண்ணே" என்றால், "ஊசி என்ன உங்க அப்பன் வாங்கித் தந்ததா?" என்று விரட்டுவாராம். விரட்டிவிட்டு மறுபடியும் அதையேதான் போடுவாராம். இளையராஜாவின் பண்ணைப்புரம் எங்கள் மேற்கு மலைக்கு அந்தப் பக்கம். அவருடைய அண்ணன் பாவலர் வரதராஜன் தம்பிகளைக் கூட்டிக்கொண்டு கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடித் திரிந்தவர். எனவே அந்தப் பாட்டில் எங்களுக்கும் ஒரு பங்கு இருப்பதாக இங்கே எல்லோருக்கும் நினைப்பு.

பிலிப்ஸ் கம்பெனி 1963-லேயே கேசட்டைக் கொண்டுவந்துவிட்டது. எங்கள் வீடுகளுக்கு அது வந்து சேர எண்பதுகள் ஆனது. வளைகுடாவிலிருந்து திரும்பியவர் தோளில் தொங்கிக்கொண்டு டூ-இன்-ஒன் வந்தது. எங்கள் வீட்டுக்கு அப்பாவின் மில் போனஸில் வந்தது. அத்தோடு ஊருக்கு ஊர் ரெக்கார்டிங் சென்டர் முளைத்தது. நான் போன கடை ஸ்ரீவில்லிபுத்தூரில், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. சுவர் முழுக்க எல்பி அட்டைகள், ஏறி இறங்கும் பச்சை விளக்குகளோடு ஈக்வலைசர், இரண்டு டெக். நடுவில் அண்ணாச்சி.

நோட்டுத்தாளைக் கிழித்துப் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு போக வேண்டும். கையோடு ஒரு காலி டிடிகே 60. ஒரு வாரம் கழித்து வரச் சொல்வார். 60 நிமிட நாடா என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம். நம் சினிமாப் பாட்டு சராசரியாக நாலரை நிமிடம். ஆறு பாட்டுப் போட்டால் மூன்று நிமிடம் மிஞ்சும். ஏழு போட்டால் கடைசிப் பாட்டு சரணத்தில் அறுபடும். மிஞ்சியதை எதை வைத்து நிரப்புவது என்பதில்தான் கடைக்குக் கடை பெயர். சிலர் வெறுமனே விட்டுவிடுவார்கள். அண்ணாச்சி ஏதாவது ஒரு படத்தின் டைட்டில் இசையை அளந்து போடுவார்.

பட்டியலை வாங்கியதும் படிப்பார். "என்னப்பா, அழுகைப் பாட்டை எழுதிட்டு அடுத்தாப்ல டிஸ்கோவை எழுதியிருக்க? மனுசன் கண்ணைத் துடைக்க வேண்டாமா?" நடுவில் நான் கேட்காத ஒன்று வந்துவிடும். பெரும்பாலும் பி.பி. ஸ்ரீனிவாஸ். பதினைந்து வயதில் எனக்கு அது எரிச்சல். ஆனால் நாடாவில் பாட்டைத் தாண்டிப் போவது சிரமம், தேய்ந்துவிடும் என்று வீட்டிலும் திட்டு விழும். வேறு வழியில்லாமல் கேட்டேன். என் ரசனையில் பாதி அண்ணாச்சி திணித்தது.

1984-ல் இரண்டு காரியங்கள் நடந்தன. பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, பாட்டைத் திருட்டுத்தனமாகப் பிரதி எடுத்தால் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று வருடம் சிறை என்றார்கள். கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பொறியியல் கல்லூரி திறந்தார்கள். சட்டம் வந்த சேதி மாடிப்படிக்குக் கீழே எட்டவே இல்லை. கல்லூரி வந்த சேதி எட்டியது. விடுதிப் பையன்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி வந்து போனி எம், மைக்கேல் ஜாக்சன் என்று கேட்டார்கள். அண்ணாச்சி மதுரைக்குப் போய்த் தேடி வாங்கி வந்தார். அவர்களுடைய பட்டியலைத் திருத்த அவருக்குத் தெரியவில்லை. எழுதியதை எழுதியபடி பதிந்து கொடுத்தார். அதுவே அவருக்குக் குறைதான்.

1986-ல் புன்னகை மன்னனில் இளையராஜா கம்ப்யூட்டரை வைத்து இசை கோத்தார். அதில் கீபோர்டு வாசித்த பையன், சென்னையில் நண்பர்களோடு ராக் பேண்டுகளிலும் வாசித்துக்கொண்டிருந்தவன், 1992-ல் ரோஜாவோடு வந்தான். ரோஜா எங்கள் டூ-இன்-ஒன்களின் மானத்தை வாங்கியது. அடியில் ஓடும் பேஸ் ஒலியைக் கொடுக்க அந்த நாலங்குல ஸ்பீக்கரால் முடியவில்லை. நல்ல டெக் இருக்கும் கடை வாசலில் பையன்கள் சும்மா நின்று கேட்டார்கள். கூலி கொடுக்காமல் கேட்ட கூட்டம் என்றால் அதுதான்.

அதற்குப் பிறகு நடந்தது வேகமாக முடிந்த கதை. ஜெர்மனியில் எம்பி3 என்று 1995-ல் பெயர் வைத்த சங்கதி, சில வருடங்களில் எங்கள் பஸ் ஸ்டாண்டு பிளாட்பாரத்துக்கு வந்தது. ஒரு நிமிடப் பாட்டுக்கு ஏறக்குறைய ஒரு எம்பி, 700 எம்பி குறுந்தகடு என்றால் 150 பாட்டுக்குக் குறையாது. நூற்றைம்பதில் வரிசை எங்கே, அளந்து போடுவது எங்கே? அடுத்து மெமரி கார்டு. செல்போன் கடைப் பையன் கம்ப்யூட்டரில் காதல், சோகம், குத்து, சாமி என்று நாலு போல்டர் வைத்திருப்பான். "புதுசாண்ணே, பழசாண்ணே?" என்ற ஒரே கேள்வியோடு ரெண்டு ஜிபியும் நிரம்பிவிடும். மாடிப்படிக்குக் கீழே இருந்த கடை ஜெராக்ஸ் கடையானது.

பாட்டு கூலியே இல்லாமல் கைமாறத் தொடங்கியது விடுதி அறைகளில். லிங்கின் பார்க், மலேசியாவின் யோகி பி, கேரளத்தின் அவியல் எல்லாம் எனக்கு வந்தது அங்கே தங்கிப் படித்த தங்கச்சி மகனின் பென்டிரைவில். மலையாளம் தெரியாத நான் அவியலின் 2008 ஆல்பத்தை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. பேண்டு என்றால் கல்யாணத்துக்கு ட்ரம்பெட் ஊதுகிறவர்கள் என்றிருந்த எங்கள் வீட்டில், ராத்திரி பதினொரு மணிக்கு கிட்டார் அலறியது. மனைவி இன்னும் மன்னிக்கவில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்ததும் பென்டிரைவும் வேண்டாமென்று ஆயிற்று. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் கச்சேரி நடத்தியது. கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில். கொஞ்ச நாளில் அதை நான் கிருஷ்ணன்கோவில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து போனில் பார்த்தேன். நடுவில் எந்த அண்ணாச்சியும் இல்லை. அது சௌகரியந்தான். ஆனால், "இதையும் கேட்டுப் பாரு" என்று செயலி நீட்டுவதெல்லாம் நான் ஏற்கெனவே கேட்டது மாதிரியே இருக்கிறது. பி.பி. ஸ்ரீனிவாஸைத் திணிக்க அதற்குத் தைரியம் போதாது.

தப்பித்து நிற்பவர் மைக் செட்காரர்தான். பெட்டி ஸ்பீக்கர் வந்துவிட்டது, ராத்திரி 10 முதல் காலை 6 வரை சத்தம் கூடாதென்று 2000-த்து விதி சொல்கிறது. ஆனாலும் பந்தல் இருக்கும்வரை அவர் வேண்டும். பழைய மைக் செட்காரரின் பேரன் போனை ஆம்ப்ளிஃபயரில் சொருகித்தான் பாட்டுப் போடுகிறான். போன வருடம் வத்திராயிருப்புப் பக்கம் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்பு. பாட்டு முடிந்ததும் ஊருக்கே கேட்கும்படி ஒரு பெண் குரல், "உடனடியாகத் தனிநபர் கடன் வேண்டுமா?" என்றது. பெண்ணைப் பெற்றவர் திரும்பிப் பார்த்த பார்வையை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

மறுநாளே பையன் விளம்பரம் வராத சந்தா கட்டிவிட்டான். அந்தச் சந்தா சொந்தமாகக் கேட்க மட்டுந்தான், பந்தலில் போடக் கூடாதென்று அதன் விதியில் இருக்கிறது என்றேன். கல்யாணத்துக்கும் மதச் சடங்குக்கும் பதிப்புரிமைச் சட்டமே விலக்குக் கொடுத்திருக்கிறது என்பதையும் சொல்லிவைத்தேன். இரண்டையும் காதில் வாங்காமல் ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னான்: "அதெல்லாம் இருக்கட்டும் சித்தப்பா. சந்தாக் காசுக்காக வாடகையில நூறு ரூவா கூட்டிட்டேன்."