மார்பகப் புற்றுநோயும் மனச்சோர்வும்: ஈமான் குறைவு என்று சொல்லிவிடாதீர்கள்

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் நம் தாய்மார்கள், சகோதரிகள் சிலர் நாளடைவில் யாரிடமும் பேசாமல் ஒதுங்கிவிடுகிறார்கள். தொழுகையில்கூட மனம் ஒன்றவில்லை என்று அழுகிறார்கள். "ஈமான் பலவீனமாகிவிட்டது" என்று வீட்டாரே சொல்லும்போது, நோயோடு குற்ற உணர்வும் சேர்ந்துகொள்கிறது. இது சரியா?

மூளையில் நடப்பது என்ன?

செரட்டோனின், நார்அட்ரினலின், டோபமின் போன்ற வேதிப்பொருட்கள் வழியாகவே மூளை நரம்புகள் செய்தி பரிமாறுகின்றன. உறக்கம், பசி, ஆர்வம் எல்லாம் இவற்றோடு தொடர்புடையவை. புற்றுநோயும் சிகிச்சையும் உடலில் அழற்சியை உண்டாக்கும்போது சைட்டோகைன் எனும் புரதங்கள் கூடுகின்றன. செரட்டோனின் தயாராகத் தேவையான டிரிப்டோஃபேனை இவை வேறு வழிக்குத் திருப்பிவிடக்கூடும். கீமோவோடு தரப்படும் ஸ்டீராய்டு உறக்கத்தைக் கெடுக்கும். ஹார்மோன் மாத்திரைகளால் திடீர் உடற்சூடும் வியர்வையும் வரும். மார்பை இழந்த துயரம், பணக் கவலை, பிள்ளைகளைப் பற்றிய பயம் ஆகியவையும் இவற்றோடு சேர்கின்றன.

எப்படி அறிவது?

களைப்பும் பசியின்மையும் கீமோவாலும் வரும். ஆனால் எதிலும் விருப்பமின்மை, "நான் உங்களுக்குப் பாரம்" என்ற பேச்சு, நம்பிக்கையிழப்பு ஆகியவை இரண்டு வாரம் தொடர்ந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சாவைப் பற்றிப் பேசினால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

மாத்திரையில் கவனம்

ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றுநோய்க்குத் தமாக்சிஃபென் மாத்திரை 5 முதல் 10 ஆண்டுகள் தரப்படுகிறது. கல்லீரலில் உள்ள ஒரு நொதிதான் அதை வீரியமுள்ள மருந்தாக மாற்றுகிறது. மனச்சோர்வுக்கான பராக்சிடின், ஃபுளூவாக்சிடின் மாத்திரைகள் அந்த நொதியைத் தடுக்கின்றன. வென்லாஃபாக்சின் போன்ற மாற்று மருந்துகள் உண்டு. எனவே மனநல மருத்துவரிடம் புற்றுநோய் மருந்துச் சீட்டையும் காட்டுங்கள். ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

எங்கே செல்வது?

சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம் பகுதியினர் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில், புற்றுநோயாளிகளின் மனநலத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலும், கட்டணமின்றியும் பேசலாம்.

மகனைப் பிரிந்த துயரில் நபி யஃகூப் (அலை) அவர்களின் பார்வையே பறிபோனது. அவர்களின் ஈமானில் எந்தக் குறையும் இருக்கவில்லை. நோய்க்கு மருத்துவம் செய்யுமாறு நபி (ஸல்) அவர்களும் ஏவியுள்ளார்கள். துஆவும் செய்வோம், மருத்துவரிடமும் அழைத்துச் செல்வோம். நோயுற்ற நம் சகோதரிகளுக்கு அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக. ஆமீன்.