உறையையும் வைத்திருங்கள்: அஞ்சல்வழிக் கையொப்பமும் ஆட்டக்காரரின் பிற்காலமும்

விளையாட்டு வரலாறு எழுத முனைவோர் அனைவரும் ஓர் இடர்ப்பாட்டைச் சந்திக்கின்றனர். ஆட்டக்காரர் களத்தில் நின்ற பத்தாண்டுகளுக்குச் சான்றுகள் மலிந்து கிடக்கின்றன. களத்தை விட்டு இறங்கியபின் அவர் வாழ்ந்த நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கோ ஒரு துண்டுச்சீட்டு கிடைப்பதும் அரிது. இந்த இடைவெளிக்குப் பயன்படக்கூடிய ஒரு சான்றுவகையை நம் ஆய்வுலகம் சிறுபிள்ளை விளையாட்டென்று ஒதுக்கிவிட்டது. ஓய்வுபெற்ற ஆட்டக்காரர்களிடமிருந்து அஞ்சல்வழியே பெறப்பட்ட கையொப்பங்களையே குறிப்பிடுகிறேன்.

இவ்வழக்கம் முழு வளர்ச்சி பெற்ற இடம் அமெரிக்கா. 1880களில் சிகரெட்டுப் பெட்டி நசுங்காதிருக்க உள்ளே செருகிய தடித்த அட்டையில் பேஸ்பால் ஆட்டக்காரரின் படத்தை அச்சிட்டனர். புகையிலையின் இடத்தைப் பின்னாளில் பபிள் கம் பிடித்தது. 1952இல் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட வரிசை, முன்புறம் படம், பின்புறம் புள்ளிவிவரம் என்ற அமைப்பை நிலைநிறுத்தியது. அட்டை கையில் இருக்கிறது, படத்திலிருப்பவர் எங்கோ ஒரு சிற்றூரில் காப்பீடு விற்றுக்கொண்டோ பண்ணை நடத்திக்கொண்டோ இருக்கிறார். சேகரிப்பாளர் ஒரு கடிதத்துடன் அட்டையையும், தம் முகவரி எழுதித் தலை ஒட்டிய இன்னோர் உறையையும் வைத்து அனுப்புவார். சில வாரங்களில், சிலபோது பல ஆண்டுகளில், அட்டை கையொப்பத்துடன் திரும்பும். ஜாக் ஸ்மாலிங் என்பவர் ஆட்டக்காரர்களின் முகவரிகளைத் தொகுத்துப் பல பதிப்புகளாக வெளியிட்டார். காலமானவர்களின் பெயருக்கெதிரே முகவரிக்குப் பதில் இறந்த நாள் இருக்கும். சேகரிப்பாளருக்கு அது கைந்நூல். வரலாற்றாளர் கண்ணுக்கு அது ஒரு தலைமுறை ஆட்டக்காரர்களின் குடிபெயர்வுப் பதிவேடு.

இக்கடிதங்களை ஆர்வத்தோடு எதிர்கொண்டவர்களில் புகழ்பெறாதோரும் பலர். அவர்களின் நிலையை ஓய்வூதிய விதிகளோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். 1947க்கும் 1979க்கும் இடையே ஆடி நான்காண்டுப் பணிக்காலம் நிரம்பாதவர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது. 1980இல் அந்த வரம்பு 43 நாளாகக் குறைக்கப்பட்டது. ஆனால் முன்பே விலகியவர்களுக்கு அது பொருந்தவில்லை. 2011இல்தான் அவர்களுக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 10,000 டாலர் என்ற உதவித்தொகை வந்தது. சங்கம் கைவிட்ட ஒருவரை முகமறியாச் சிறுவனொருவன் பெயர்சொல்லி அழைத்து எழுதிய கடிதம் அவருக்கு என்னவாக இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். கையொப்பத்துக்குச் சில டாலர் கேட்டவர்களைச் சேகரிப்பாளர் சிலர் பழிப்பதுண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

இந்தியாவில் கையொப்ப வேட்டை பெரும்பாலும் நேருக்கு நேர் நடந்தது. 1933-34இல் டக்ளஸ் ஜார்டீன் தலைமையில் வந்த எம்.சி.சி. அணியின் 16 பேரும் கையொப்பமிட்ட பக்கத்தில், பதினேழாவதாகக் காந்தி கையொப்பமிட்டார். அந்தப் புத்தகம் விஜய் மெர்ச்சன்ட்டின் தங்கை லட்சுமியுடையது. கையொப்பத்துக்கு ஐந்து ரூபாய் வாங்கி அரிசன நிதியில் சேர்த்தவர் காந்தி என்பதையும் நினைவுகொள்ளலாம். டாலர் கேட்ட ஆட்டக்காரர்களுக்கு அவரைவிட நல்ல முன்னோடி வேண்டியதில்லை.

அட்டை மரபு இங்கே தாமதமாகவே வந்தது. சென்னையிலிருந்து 1947 முதல் வெளிவந்த 'ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்' இதழின் படங்களைக் கத்தரித்து வைத்தவர்கள் உண்டு. 1980களின் இறுதியில் பிக் ஃபன் பபிள் கம்முடன் வந்த கிரிக்கெட் படங்களைத் தொகுத்தவர்கள் இதைப் படிப்போரிலேயே பலர் இருக்கக்கூடும்.

ஐதராபாத்தில் இந்தக் கதைக்குத் தனிச் சிக்கல்கள் உண்டு. நிஜாம் அரசு 1869 முதல் தன் அஞ்சல்தலைகளை வெளியிட்டது. சமஸ்தான எல்லைக்கு அப்பால் அவை செல்லா. அந்த அஞ்சல்துறை இந்திய அஞ்சல்துறையுடன் இணைந்தது 1950இல். ஐதராபாத் அணி ரஞ்சிக் கோப்பையை வென்ற 1937-38 பருவத்தில், மறுமொழி உறையில் எந்தத் தலையை ஒட்டுவது என்பதே ஒரு கேள்வி. நாடுகளுக்கிடையே இதே சிக்கலைத் தீர்க்க 1906இல் உரோமில் கூடிய அஞ்சல் ஒன்றியப் பேரவை பன்னாட்டு மறுமொழிச் சீட்டை உருவாக்கியது. 1971 ஆகஸ்டு 24 அன்று ஓவல் மைதானத்தில் வெற்றி ஓட்டத்தை அடித்த ஐதராபாத் வீரர் சையத் ஆபித் அலி பின்னாளில் கலிஃபோர்னியாவில் குடியேறி, 2025 மார்ச்சில் அங்கேயே காலமானார். சொந்த ஊர் ரசிகர் அவருக்கு எழுதவேண்டுமானால், மறுமொழி உறைக்கு அமெரிக்கத் தலையோ அந்தச் சீட்டோ வேண்டும். அமெரிக்க அஞ்சல்துறை அந்தச் சீட்டின் விற்பனையை 2013இல் நிறுத்திவிட்டது.

என் வாதத்துக்கு வலுவான எடுத்துக்காட்டு துளசிதாஸ் பலராம். செகந்தராபாத் அம்முகூடாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1956 மெல்போர்ன், 1960 உரோம் ஒலிம்பிக்குகளில் ஆடியவர். 1962 ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்ற கால்பந்து அணியில் இருந்தவர். நோய் காரணமாக இருபத்தாறு, இருபத்தேழு வயதிலேயே களத்தை விட்டார். 2023 பிப்ரவரி 16 அன்று கொல்கத்தாவில் காலமானார். ஆடியது எட்டாண்டு, அதன்பின் வாழ்ந்தது அறுபதாண்டு. நெடுங்காலம் வாழ்ந்த உத்தரபாராவிலிருந்து அவர் கையெழுத்துடன் ஓர் உறை எவர் வீட்டிலேனும் இருக்குமானால், அதிலுள்ள முத்திரைத் தேதியும் முகவரியும் நடுங்கியோ நேராகவோ ஓடும் எழுத்தும் அந்த அறுபதாண்டில் ஒரு புள்ளியை உறுதியாக நிறுத்தும். ஆனால் சேகரிப்பாளர்கள் அட்டையை வைத்துக்கொண்டு உறையைக் கிழித்தெறிகின்றனர்.

உறையைப் போலவே மதிக்கத்தக்கது பதிவஞ்சலின் ஒப்புகை அட்டை. மறுமொழியே எழுதாத ஆட்டக்காரரும் அதில் கையொப்பமிட்டாக வேண்டும். மனைவியோ மகனோ இட்டிருக்கவும் கூடும் என்பதால் ஒப்பிட்டே ஏற்கவேண்டும். 2025 செப்டம்பர் 1 முதல் பதிவஞ்சல் விரைவஞ்சலுடன் இணைக்கப்பட்டுவிட்டது. "முகவரிதாரர் காலமானார்", "குடிபெயர்ந்தார்" என்று அஞ்சற்காரர் கைப்பட எழுதித் திருப்பிய உறையும் சான்றுதான். சில சாதாரண ஆட்டக்காரர்களுக்கு அதுவே ஒரே இரங்கற்குறிப்பு.

அக்குறிப்பை எழுத அஞ்சற்காரருக்கு ஆளைத் தெரிந்திருக்க வேண்டும். நான் வசிக்கும் மாதாப்பூரில் (500081) அது அரிதாகிவருகிறது. 1998இல் சைபர் டவர்ஸ் எழுந்தபின் பெருகிய அடுக்ககங்களில், கடிதங்கள் வாயிற்காவலர் மேசையோடு நின்றுவிடுகின்றன; குடியிருப்பவர் ஒருகாலத்தில் ஐதராபாத்துக்கு ஆடியவரா என்பது தபால் கொண்டுவருபவருக்குத் தெரிய வழியில்லை.

செகந்தராபாத், போலாரம், சென்னை, பெங்களூருக் குடும்பங்களில் இத்தகைய கடிதங்கள் இருந்தால், அட்டையோடு உறையின் இருபுறத்தையும் படமெடுத்து அனுப்புமாறு வேண்டுகிறேன். தலையைச் சேகரிப்புக்காக வெட்டியெடுத்த உறையானாலும் சரி, முத்திரையில் பாதி மிஞ்சியிருந்தால் போதும்.