மீறியவர் யார்?

தோள்சீலைப் போராட்டம் பற்றிய ஆங்கிலக் கட்டுரைகளை நெல்லையில் என் மாணவிகளோடு வாசிக்கிறேன். அவற்றில் ‘டிஸொபே’, ‘இன்ஃப்ரிஞ்ச்’, ‘டிரான்ஸ்கிரஸ்’, ‘வயலேட்’ என்று வெவ்வேறு வினைகள் வரும். விடைத்தாளில் எல்லாமே ‘மீறினார்கள்’ ஆகிவிடுகிறது. அந்த ஒற்றைச் சொல்லுக்குள் சிலர் ஒளிந்துகொள்ள முடிகிறது.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு இந்தப் பக்கம் கும்பினியின் திருநெல்வேலி. அந்தப் பக்கம் திருவிதாங்கூர். அங்கே நாடார் பெண்கள் மார்பை மூடக் கூடாது. 1814இல் கிறித்தவப் பெண்களுக்கு மட்டும் குப்பாயம் அனுமதிக்கப்பட்டது. அவர்களில் பலர் அதோடு நிற்காமல் உயர்சாதிப் பெண்களைப்போலத் தோள்சீலையும் இட்டார்கள். 1829 பிப்ரவரியில் ராணி கௌரி பார்வதி பாயின் அரசு, குப்பாயம் போடலாம், தோள்சீலை கூடாது என்று ஆணையிட்டது.

அதன் பிறகும் சீலை இட்டது ‘டிஸொபே’: ஆணைக்குக் கீழ்ப்படியாமை. ‘இன்ஃப்ரிஞ்ச்’ என்றால் அடுத்தவர் உரிமையில் கைவைப்பது. தோள்சீலை தங்களுக்கே உரிய அடையாளம் என்ற உயர்சாதியினர் சொன்ன புகார் இதுதான். ‘டிரான்ஸ்கிரஸ்’ என்பதன் லத்தீன் வேருக்கு எல்லை கடந்து அடிவைத்தல் என்று பொருள். நமக்கு இது புதிதல்ல. ‘படி தாண்டியவள்’ என்ற வசவு இருக்கிறதே. இங்கே தாண்டப்பட்டது சாதிப் படி.

‘வயலேட்’ வேறு வகை. ‘வயலன்ஸ்’ என்ற சொல்லோடு ஒரே வேரில் பிறந்தது. வன்முறையால் ஒருவரின் உடலையோ உரிமையையோ சிதைப்பது. சந்தையிலும் தெருவிலும் பெண்களின் சீலையைப் பிடித்திழுத்துக் கிழித்தவர்கள் செய்தது அது. இந்த வினைக்கு மட்டும் பெண்கள் எழுவாய் அல்லர்.

1858இன் இறுதியில் கலவரம் மீண்டும் மூண்டது. சென்னை ஆளுநர் டிரெவெலியன் நெருக்கினார். 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜாவின் பிரகடனம் வந்தது: நாடார் பெண்கள் எந்த மதத்தவரானாலும் மார்பை மூடலாம்; ஆனால் உயர்சாதிப் பெண்களைப்போல அல்ல. மார்பை மூடுவது அன்றோடு குற்றமாக இல்லாமல் போனது. சாதிப் படியை அரசு அப்படியே விட்டுவைத்தது.

ஆகவே ‘பெண்கள் மரபை மீறினர்’ என்று எழுதும் மாணவியிடம் கேட்கிறேன்: மீறப்பட்டது ஆணையா, சலுகையா, எல்லையா? சீலையைக் கிழித்தவர் எதை மீறினார்? கடைசிக் கேள்விக்கும் விடையில் ஒரு வரி இருந்தால்தான் அது முழு விடை.