பிரித்தானிய ஷரீஅத் மன்றங்கள்

பிரிட்டனில் வாழும் முஸ்லிம்களின் விவாக விவகாரங்களில் மார்க்கத் தீர்ப்பு வழங்கும் உலமாக்களின் சபைகள். அரசாங்கம் நியமித்த காஜி (மார்க்க நீதிபதி) எவரும் இல்லாத அந்நாட்டில், சிவில் நீதிமன்றம் விவாகரத்து அளித்த பின்னரும், கணவன் தலாக் (மணவிலக்கு) சொல்ல மறுத்த ஒரே காரணத்தால் மறுமணத்துக்கு வழியின்றிக் கட்டுண்டு கிடந்த ஸ்திரீகளின் துயரமே இவை தோன்றுவதற்குப் பிரதான காரணமாகும். இவற்றுள் பிரசித்தமான இஸ்லாமிய ஷரீஅத் மன்றம் 1982-ல் நிறுவப்பெற்று, லண்டனின் லேட்டன் பகுதியில் இயங்கி வருகிறது.

மனைவி மனுச் செய்ததும் கணவனுக்குக் கடிதங்கள் அனுப்பி, இருவரையும் அழைத்துச் சமரசம் பேசிப் பார்த்து, அது கைகூடாதவிடத்து, மஹர் என்னும் மணக்கொடையைத் திருப்பித் தருவது குறித்தும் தீர்மானித்த பின்னரே உலமாக்கள் குல்உ (மனைவி கோரிப் பெறும் மணவிலக்கு) அல்லது பஸ்கு (மண முறிவுத் தீர்ப்பு) பத்திரம் வழங்குவர். ஹனஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்டப் பிரிவில்) மனைவி விடுதலை கோருவதற்குரிய காரணங்கள் மிகச் சொற்பமாதலால், மாலிக்கி மத்ஹபின் விசாலமான அபிப்பிராயங்களையும் எடுத்தாளும் வழக்கம் உண்டு. இந்தியாவில் 1939-ல் நிறைவேறிய முஸ்லிம் விவாக ரத்துச் சட்டமும் இதே வழியில்தான் உருவாயிற்று என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

இத்தீர்ப்புகளுக்குச் சட்ட பலம் இல்லை. சொத்தும் குழந்தைகளின் பராமரிப்பும் நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. நிக்காஹ் (மார்க்க முறைத் திருமணம்) மட்டும் செய்து சிவில் பதிவு செய்யாத பெண், பிரிவின்போது ஜீவனாம்சம் கோரவும் இயலாமல் தவிக்க நேர்கிறது. பேராசிரியை மோனா சித்தீக்கி தலைமையிலான அரசாங்கக் குழு, நிக்காஹுக்கு முன்போ அதனுடன் சேர்த்தோ சிவில் பதிவும் நடைபெறவேண்டுமென்று 2018-ல் செய்த சிபாரிசு முற்றிலும் நியாயமானது.