துவர் பத்தும் வாவி நீரும்

குளிப்புக்கும் இலக்கியத்துக்கும் என்ன உறவு என்று நேயர்கள் கேட்கக்கூடும். சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை அதற்கு விடை வைத்திருக்கிறது. ஊடியிருந்த கோவலனை மகிழ்விக்க மாதவி நீராடுகிறாள். பத்துத் துவர், ஐந்து விரை, முப்பத்திரண்டு ஓமாலிகை ஊறிய நீரிலே அவள் கூந்தலைக் கழுவினாள் என்கிறார் இளங்கோவடிகள். அந்தத் துவர்கள் எவை என்பதை உரைமரபு சொல்கிறது: பூவந்தி; திரிபலையாகிய கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய்; கருங்காலி; நாவல்; நாற்பால் மரங்களாகிய ஆல், அரசு, அத்தி, இத்தி. எண்ணிப் பாருங்கள், பத்தும் வரும். முதலில் நிற்கும் பூவந்திதான் நுரை தருவது.

இந்த மரபு நம்மிடம் முற்றாக அற்றுப்போகவில்லை. சித்திரைப் புத்தாண்டிலே மருத்துநீர் வைத்துத் தோய்கிறோம். தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, மஞ்சள், சுக்கு என்று பஞ்சாங்கம் அடுக்குகிறது. ஆண்டில் ஒருநாள் இது சடங்கு. மற்ற நாட்களில் நம் கை சவர்க்காரத்துக்கும் ஷாம்புவுக்குமே போகிறது.

சவர்க்காரத்தை நான் பழிக்க மாட்டேன். தேங்காயெண்ணெயும் காரமும் சேர்ந்த பழைய கட்டி எளிதில் சிதைந்துவிடும். உவர்நீரிலும் ஓரளவு நுரைக்கும் என்பதால் கடலோரத்துக்கு ஏற்றது. ஷாம்புவின் கதை வேறு. அந்தச் சொல்லே, பிடித்துவிடுதலைக் குறிக்கும் இந்திச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. பாட்னாவிலே பிறந்த சேக் தீன் முகமது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரிலே குளிப்பகம் நடத்தி அதைப் பரப்பினார். நாம் கொடுத்த சொல்லைச் சிறு பக்கற்றிலே அடைத்து நமக்கே விற்றார்கள். தலை முழுகிய பின் ஷாம்பு போய்விடும், பக்கற் போகாது. அது கண்டல் வேரிலே சிக்கிக் கிடக்கும். உணவும் மருந்தும் தவிர்ந்த, 20 மில்லிலீற்றரோ 20 கிராமோ அதற்குக் குறைவாகவோ கொண்ட பக்கற்றுகளை இலங்கை 2021 மார்ச் 31 முதல் தடைசெய்தது. முகம் தேய்க்கும் பசைகளிலே கலந்த பிளாஸ்திக் மணிகளை அமெரிக்கா 2015இலே சட்டமியற்றி விலக்கியது.

அப்படியானால் பூவந்திக்கே திரும்பிவிட்டால் போதுமா? இங்கேதான் நிதானம் வேண்டும். பூவந்தியின் நுரைக்குக் காரணமான சபோனின் மீனுக்கு நஞ்சு. அத்தகைய காய்களையும் வேர்களையும் இடித்து நீரிலே கலக்கி மீன் பிடிக்கும் வழக்கம் பல நாடுகளில் இருந்தது. இயற்கைப் பொருள் என்ற பெயர் மட்டும் வாவியைக் காக்காது. எதைத் தேய்த்தோம் என்பதோடு, எவ்வளவு தேய்த்தோம், கழுவிய நீர் எங்கே போனது என்றும் கேட்க வேண்டும்.

வாகரையிலே இந்தக் கேள்வி வெறும் கேள்வியாக நிற்பதில்லை. கிழக்கே கடல், மேற்கே பனிச்சங்கேணி வாவி. இறாலும் நண்டும் மீனும் பலரின் அன்றாடச் சோறு. கரை மணற்பாங்கானது. நிலத்தடியிலே உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படலம் மிதக்கிறது. 2004 ஆழிப்பேரலை கிழக்குக் கரையின் கிணறுகளை உவராக்கியபோது அந்தப் படலத்தின் அருமை தெரிந்தது. மணலிலே கிணற்றடியில் ஊற்றியது கிணற்றுக்கே திரும்பும்.

நம் முன்னோர் கிணற்றடி நீரை வாய்க்கால் வெட்டி வாழைக்கு அனுப்பினார்கள். மண்ணின் நுண்ணுயிர்கள் சவர்க்காரத்தையும் அரப்பையும் சிதைத்துவிடும். வாழை நீரைக் குடிக்கும். பயற்றம்மாவோ, சீயக்காயோ, தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரமோ, எதையும் அளவோடு எடுங்கள். வாவிக்குள் இறங்கி நுரைக்க வேண்டாம். கரையிலே அள்ளிக் குளியுங்கள். அந்த நீர் கிணற்றுக்குத் தள்ளியிருக்கும் வாழையடிக்குப் போகட்டும். மாதவியின் துவர் பத்தும் கிடைக்காவிட்டாலும், அந்தச் சிறு வாய்க்காலை வெட்ட ஒரு மண்வெட்டி எல்லார் வீட்டிலும் உண்டு.