கிந்தா வானமும் கதையாட்டமும்

ஈப்போவுக்குத் தெற்கே, கோப்பெங் செல்லும் பழைய சாலையில், சுண்ணாம்புக் குன்றுகளின் அடியில் அமைந்த சிம்பாங் பூலாய், இன்று கேமரன் மலைக்கு ஏறும் பாதையின் தொடக்கமாகவும் கல்லுடைப்பு ஆலைகளின் ஊராகவுமே வெளியாருக்குத் தெரிகிறது. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களும் ரப்பர் தோட்டங்களும் செழித்திருந்த காலத்தில் இவ்வட்டாரத்தில் குடியேறிய தமிழ்த் தொழிலாளர்களால் தாங்கள் விட்டுவந்த ஊரிலிருந்து கொண்டுவர முடிந்த மிகச் சில உடைமைகளுள் விண்மீன்களின் பெயர்களும் அவற்றைப் பற்றிய கதைகளும் அடங்கும். குடும்பத்தில் ஏற்பட்ட காயம் ஆறுவதையும் வானம் பார்ப்பதையும் இணைத்து ஒரு சிறு கதையாட்டம் செய்வது, அதாவது ஆடுபவர் தேர்ந்தெடுக்கும் வழியில் கதை நகரும் கணினி விளையாட்டொன்றை உருவாக்குவது, இக்காலத்துப் புது யோசனையாகத் தோன்றலாம். ஆனால் அந்த இணைப்பு தமிழரின் வானக் கதைகளில் முன்பே உள்ளது என்பதையும், அதைக் கிந்தாவின் தோட்ட வாழ்க்கை தனக்கேற்ற விதத்தில் மாற்றிக்கொண்டது என்பதையும் வரலாறு காட்டுகிறது.

தமிழர் வழங்கிவரும் வானக் கதைகளைச் சேர்த்துப் பார்த்தால், அவற்றில் பெரும்பகுதி குடும்பத் தகராறுகளாகவே இருப்பதைக் காணலாம். தக்கனின் மகள்களான இருபத்தேழு நட்சத்திரங்களையும் மணந்த சந்திரன் உரோகிணியிடம் மட்டும் அன்பு காட்ட, மற்றவர்கள் தந்தையிடம் முறையிட, தக்கன் இட்ட சாபத்தால் சந்திரன் தேயத் தொடங்கினான் என்பது வளர்பிறைக்கும் தேய்பிறைக்கும் கூறப்படும் காரணம். மாற்றாந்தாயின் சொல்லால் தந்தையின் மடியில் இடம் மறுக்கப்பட்ட சிறுவன் தவம் செய்து துருவ மீனானான். சரவணப் பொய்கையில் முருகனை வளர்த்த ஆறு பெண்கள் கார்த்திகை மீன்களாக வானில் இடம்பெற்றார்கள். திருமணத்தில் மணமகளுக்குக் காட்டப்படும் அருந்ததி, ஏழு முனிவர் கூட்டத்தில் வசிட்டரை ஒட்டி மங்கலாகத் தெரியும் சிறு மீன். இக்கதைகளில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு: சிவனிடம் அடைக்கலம் புகுந்த பின்னும் சந்திரனின் சாபம் நீங்கவில்லை, தேய்ந்தபின் மறுபடி வளரலாம் என்ற அளவுக்குத் தணிந்தது, அவ்வளவே. காயம் முற்றாக மறைந்துவிடும் என்ற வாக்குறுதியை இக்கதைகள் தருவதில்லை என்பது, பிற்காலத்தில் எழுதப்படும் பல ஆறுதல் கதைகளைவிட இவற்றை நேர்மையானவையாக ஆக்குகிறது.

கப்பலேறி வந்தவர்களுக்கு வானமும் சற்று இடம் மாறியது. சேலத்திலோ திருச்சிராப்பள்ளியிலோ துருவ மீன் அடிவானத்திலிருந்து பத்துப் பதினொரு பாகை உயரத்தில் தெரியும். கிந்தாவில் அது நான்கரைப் பாகை உயரத்திலேயே நிற்பதால், வடக்கே ஒரு குன்றோ ரப்பர் வரிசையோ இருந்தாலே மறைந்துவிடும். மாறாக, திரிசங்குவின் இடமாக மரபில் சொல்லப்படும் தென்சிலுவைக் கூட்டம், மே மாத முன்னிரவில் தெற்கு வானில் ஊரில் பார்த்ததைவிட உயரமாக எழுந்து நிற்கும். அருந்ததி மட்டும் இரு நாட்டிலும் எளிதில் தேடத்தக்க உயரத்தில் இருந்தது; எனினும் முகூர்த்தம் பெரும்பாலும் பகலில் அமைவதால், அம்மி மிதித்த கையோடு வெறும் வானத்தைச் சுட்டிக்காட்டும் சடங்கு அங்கும் இங்கும் ஒன்றுபோலவே நடந்தது.

தோட்டத்தில் மக்கள் வானத்தின் கீழ் நின்ற வேளை விடியலுக்கு முந்தைய இருள்தான். ரப்பர் மரத்தின் பட்டையிலுள்ள பால் குழாய்களில் நீரழுத்தம் மிகுந்திருப்பது வெயில் ஏறுவதற்கு முன்பு என்பதால், அவ்வேளையில் சீவினால்தான் பால் நன்றாக வடியும். அதனால் பெரட்டு எனப்படும் ஆளெடுப்பு இருட்டிலேயே நடந்தது. தப்பு அல்லது தண்டவாளத் துண்டின் ஓசை கேட்டு லயம் எனப்படும் வரிசை வீடுகளிலிருந்து வந்தவர்கள் மேற்பார்வையாளரான கங்காணியின் முன் வரிசையாக நின்று பெயர் கொடுத்துவிட்டு, உளியும் வாளியும் தலைவிளக்குமாகத் தத்தம் நிரைக்குப் பிரிந்தார்கள். நிரை என்பது ஒருவர் ஒரு நாளில் சீவ வேண்டிய மரங்களின் வரிசை. கைக்குழந்தைகள் ஆயக்கொட்டகையில் விடப்பட்டன. விடிவெள்ளியைக் கண்டு எழுந்தார்கள் என்று எழுதுவது அழகாக இருந்தாலும், வெள்ளி ஆண்டு முழுவதும் விடியலில் தெரிவதில்லை; சில மாதங்கள் மாலையிலும் சில வாரங்கள் கண்ணுக்கே படாமலும் போகும் அக்கோளை நம்பி எந்தத் தோட்டமும் பெரட்டு நடத்தியிருக்க முடியாது.

கடிகாரமும் நிலையாக இருக்கவில்லை. மலாயாவின் நேரம் கிரீன்விச்சுக்கு ஏழரை மணி முன்னதாக இருந்த நிலையில், 1942இல் ஜப்பானியர் தோக்கியோ நேரத்தைப் புகுத்தி அதை ஒன்பது மணி ஆக்கினர். அதன் விளைவாகக் கிந்தாவில் சூரியன் காலை எட்டு மணிக்குப் பிறகே உதித்தது. 1945இல் பழைய நேரம் திரும்பியது. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தின் கடிகாரங்கள் அரை மணி முன்னகர்த்தப்பட்டு இன்றைய நேரம் வந்தது. இந்திய நேரத்துக்கும் மலேசிய நேரத்துக்கும் இரண்டரை மணி வேறுபாடு இருப்பதால், தமிழ்நாட்டில் அச்சான பஞ்சாங்கத்தை வைத்திருப்பவர் திதி மாறும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தே விரதநாளை முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

ரப்பர் காட்டுக்குள் நிற்பவருக்கு ஆண்டின் பெரும்பகுதியில் வானம் தெரியாது. கிளைகள் மேலே கூடி மூடிவிடும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மரங்கள் இலையுதிர்க்கும்போதுதான் கூரை திறக்கும். அதுவே பால் குறையும் காலமும், அதனால் வருமானம் குறையும் காலமும் ஆகும். தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம் என விண்மீன் பெயர் தாங்கிய திருநாள்கள் இப்பருவத்தைச் சுற்றியே வருகின்றன என்பது தற்செயலே ஆயினும், அக்காலத்தின் தோட்ட வாழ்க்கையை மீட்டெழுத முற்படுபவர் அதைத் தவறவிடக் கூடாது. பிற்காலத்தில் ரப்பருக்குப் பதிலாக நடப்பட்ட செம்பனை மொத்தமாக இலையுதிர்ப்பதில்லை; அதன் கீழ் இவ்வாறு வானம் திறப்பதில்லை.

இவற்றுள் ஈப்போ வட்டாரத்தின் பெருநாள் தைப்பூசம். சுண்ணாம்புக் குன்றின் குகையை ஒட்டிய குனோங் சீரோ கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயத்துக்குக் காவடிகள் செல்லும் அந்நாள் பேராக் மாநிலத்தில் பொது விடுமுறை. பூசம் என்பது கடக ராசியிலுள்ள மங்கலான மீன்களைக் குறிக்கும் பெயர். தை மாதத்து முழுநிலவு அவற்றின் அருகே நிற்கும். ஆகவே நிலவின் ஒளியில் அம்மீன்கள் கண்ணுக்குத் தெரியாமல் போகும் இரவே அவற்றின் பெயரைத் தாங்கிய இரவாகவும் உள்ளது. பூசத்தைப் பார்க்க விரும்புபவர் திருநாள் கழிந்து ஒரு வாரமாவது காத்திருந்து, நிலவு எழுவதற்கு முன் கிழக்கே தேட வேண்டும். எனினும், வேறு வேறு தோட்டங்களுக்குச் சிதறிய உறவினர் ஆண்டுக்கொருமுறை சந்திக்கும் நாளாக அது இருந்ததால், வானியல் கணக்கைவிடக் குடும்பக் கணக்கே அந்நாளில் பெரிதாக இருந்தது.

சிதறலுக்குக் காரணங்கள் பல. கங்காணி முறையில் ஒரு கங்காணி தன் ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் ஆள் திரட்டி வந்தமையால் குடும்பங்கள் ஓரளவு சேர்ந்தே வந்தன. ஆனால் 1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளரை உதவித்தொகையுடன் மலாயாவுக்கு அனுப்புவதைத் தடை செய்ததும், பலர் அப்போது இருந்த கரையிலேயே நின்றுவிட நேர்ந்தது. போர்க்காலத்தில் சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்குத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்களுள் பல்லாயிரவர் திரும்பவில்லை. பாதை 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டபோது, பல லயங்களில் பெண்களும் சிறுவர்களுமே எஞ்சியிருந்து மரவள்ளி நட்டு உயிர் பிழைத்தார்கள். 1968ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதோர் வேலை அனுமதி பெற வேண்டும் என்று விதித்ததால், சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த பல்லாயிரக்கணக்கானோர் அடுத்த சில ஆண்டுகளில் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். ஒரே வீட்டில் கணவர் சிவப்பு அட்டையும் பிள்ளைகள் குடிமக்களுக்கான நீல அட்டையும் வைத்திருக்கக்கூடிய காலம் அது. இதைக் குடியுரிமைச் சட்டத்தின் வரலாறாக எழுதியவர்கள் உண்டு. குடும்ப வரலாறாக எழுதியவர்கள் குறைவு.

ஆறுதலை இவ்வட்டாரம் தேடிய விதத்துக்குக் கல்லில் ஒரு சான்று நிற்கிறது. கோப்பெங்கிலிருந்து பத்து காஜா செல்லும் சாலையோரத்தில், வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி கட்டத் தொடங்கி, 1926இல் அவர் லிஸ்பனில் இறந்துபோனதால் முடிவடையாமல் நின்ற கெல்லி மாளிகை உள்ளது. அதன் கட்டுமானக் காலத்தில் பரவிய ஸ்பானியக் காய்ச்சலில் தமிழ்த் தொழிலாளர் பலர் மாண்டதாகவும், எஞ்சியோர் மாரியம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று கேட்க ஸ்மித் அதற்கு உதவியதாகவும் வழங்கப்படுகிறது. மாளிகைக்குச் சற்றுத் தொலைவிலுள்ள அக்கோயிலின் மேல்தளத்தில், தெய்வ உருவங்களுக்கிடையே, வெள்ளைக்காரர் உடையில் ஒரு சுதைச் சிற்பம் நிற்கிறது. அது ஸ்மித்தே என்பது ஊரார் கூற்று. மாளிகையைப் பேய்க் கதைகளுக்காகப் பார்க்க வருபவர்களில் பலர் கோயிலை எட்டிப் பார்ப்பதில்லை. வரலாற்றுக்குப் பயன்படுவது கோயில்தான். நோயில் உறவை இழந்தவர்கள் சேர்ந்து எதைக் கேட்டார்கள் என்பது அதில் தெரிகிறது.

கதையை ஆட்டமாக ஆடும் வழக்கமும் தமிழருக்குப் புதிதன்று. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்திருப்பதற்காக ஆடப்படும் பரமபதத்தில், ஏணிகளும் பாம்புகளும் புராணப் பெயர்களைத் தாங்கியவை; தாயக்கட்டையையோ சோழியையோ உருட்டி முன்னேறுபவர், அடிவரிசையிலிருந்து மேலுலகம் வரை ஓர் உயிரின் பயணத்தைக் குடும்பத்தார் முன்னிலையில் நடித்துக் காட்டுகிறார். இவ்வகை இந்திய ஆட்டத்திலிருந்து பெயர்களையும் புராணத்தையும் கழற்றிவிட்டே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் பாம்பும் ஏணியும் விற்பனைக்கு வந்தது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விலையில்லாத கருவியும் இருந்தது: இரண்டு ரப்பர் கொட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து உள்ளங்கையால் குத்தி, உடைந்தது தோற்றதாகக் கொள்ளும் ஆட்டம் மலேசியாவில் அனைத்து இனப் பிள்ளைகளும் ஆடியது.

கணினியில் இம்மரபுக்கு ஏற்ற வடிவம் கிடைத்தது அண்மையில்தான். 2009இல் கிறிஸ் கிளைமஸ் வெளியிட்ட ட்வைன் என்ற இலவச மென்பொருள், நிரல் எழுதத் தெரியாதவரும் கிளைபிரியும் கதையை அமைக்க வழிசெய்தது. தமிழ்க் குடும்பத்தைப் பற்றிய சிறு கதையாட்டம் என்ற வகையில் உலகின் கவனத்தைப் பெற்றது, டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலை 31 அன்று வெளியிட்ட ‘வெண்பா’. 1980களில் கனடாவுக்குக் குடியேறிய வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின் ஆகியோரின் கதை அது; ஒன்றரை மணி நேரத்துக்குள் ஆடி முடித்துவிடலாம். தாயின் சமையல் குறிப்பேட்டில் கறைபட்டும் கிழிந்தும் போன வரிகளை ஊகித்து நிரப்புவதே ஆடுபவரின் வேலை. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாக் குழிக்கும் போய்ச் சேரும் என்று யோசிக்க வைக்கும் முதல் பகுதியிலேயே ஆட்டத்தின் இயல்பு தெரிந்துவிடுகிறது. பின்னர், வளர்ந்த மகன் அதே குறிப்பேட்டைத் திறக்கும்போது, அவனுக்குத் தமிழ் அரைகுறையாகவே வருவதால் ஆடுபவருக்கும் வரிகள் அரைகுறையாகவே காட்டப்படுகின்றன. தாய்க்கும் மகனுக்கும் இடையிலுள்ள தொலைவை வசனமாகச் சொல்லாமல் ஆடுபவரின் இடர்ப்பாடாக ஆக்கியதே அதன் சாதனை. 2024இல் சுயேச்சை விளையாட்டு விழாவின் பெரும்பரிசையும், பிரித்தானிய பாஃப்டா அமைப்பின் அறிமுகப் படைப்புக்கான விருதையும் அது பெற்றது.

கிந்தாவின் கதை இதே முறைக்கு ஏற்றது. கிழிந்த குறிப்பேட்டின் இடத்தில் இலைக் கூரையால் மறைந்த வானத்தை வைக்கலாம். இலையுதிர் பருவத்தில் மட்டும் கிளைகளுக்கிடையே தெரியும் மீன்களை ஆடுபவர் இணைக்க இணைக்க, சயாமுக்குப் போன தாத்தாவோ சிவப்பு அட்டையோடு கப்பலேறிய அத்தையோ கதைக்குள் வரலாம். வானத்தைப் பிழையின்றி வரைவது இன்று கடினமன்று. ஸ்டெல்லேரியம் என்ற இலவச வானக்காட்சி மென்பொருளில் ஈப்போவின் இடத்தையும் 1943 அக்டோபரின் ஓர் இரவையும் கொடுத்தால், அன்று சிம்பாங் பூலாய்க்கு மேல் நின்ற மீன்களை அது காட்டும். தோக்கியோ நேரத்தைக் கணக்கில் கொள்ளாமல் இன்றைய மலேசிய நேரப்படி இட்டால் காட்சி ஒரு மணி தவறிவிடும் என்பதை மட்டும் செய்பவர் நினைவில் கொள்ள வேண்டும்.

பெரட்டுக் களத்தில் நின்றவர்களின் பேச்சை எந்த மென்பொருளும் கணித்துத் தராது. போருக்கு முன் பால் மரம் சீவியவர்கள் ஏறக்குறைய மறைந்துவிட்டார்கள். 1969இல் உறவினரை வழியனுப்பிய சிறுவர்கள் இப்போது அறுபதையும் எழுபதையும் கடந்திருக்கிறார்கள். இவ்வட்டாரத்தில் ஆட்டம் செய்ய முனையும் இளைஞர்கள் படம் வரையவும் நிரல் எழுதவும் தொடங்குவதற்கு முன், தம் வீட்டுப் பெரியவர்கள் வானத்தில் எதை என்ன பெயரிட்டு அழைத்தார்கள், யாரை எந்த ஆண்டில் பிரிந்தார்கள் என்பதைக் கேட்டு ஒலிப்பதிவு செய்துவிட வேண்டும்.