கொல்லிமலைக்குப் போன பிள்ளைகள்

பனியன் கம்பெனிகள் பெருகுவதற்கு முன்பு திருப்பூரைப் பஞ்சுக்கும் கதருக்கும் பேர்போன ஊராகத்தான் நாடு அறிந்திருந்தது. அந்த ஊரில் 1903-ல் பிறந்த தி. சு. அவினாசிலிங்கம், காந்தியின் வழிக்கு வந்து கோவையில் ராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கினார். அங்கே ஆசிரியராகச் சேர்ந்தவர்களில் ஒருவர்தான் பெ. தூரன். ஈரோட்டுப் பக்கம், மொடக்குறிச்சியை அடுத்த மஞ்சக்காட்டுவலசில் 1908-ல் பிறந்தவர். பகத்சிங்கைத் தூக்கிலிட்ட ஆண்டில், சென்னையில் பட்டத் தேர்வையே எழுத மறுத்த பிள்ளை.

அவினாசிலிங்கம் சென்னை மாகாணக் கல்வி அமைச்சரானதும் 1946-ல் தமிழ் வளர்ச்சிக் கழகம் பிறந்தது. அது உருவாக்கிய தமிழின் முதல் நவீனக் கலைக்களஞ்சியத்துக்குத் தலைமை ஆசிரியர் பொறுப்பு தூரனிடம் வந்தது. முதல் தொகுதி 1954-ல் வெளிவந்தது. பத்தாவது தொகுதி வெளிவர 1968 ஆகிவிட்டது. அணுவிலிருந்து ஆடு மாடு வரைக்கும் தமிழில் சொல்ல வேண்டும். பல துறைகளில் அதற்கான சொற்களையே முதலில் உண்டாக்க வேண்டியிருந்தது. அது முடிந்த கையோடு குழந்தைகளுக்கென்று தனியாக இன்னும் பத்துத் தொகுதிகள் வந்தன. அந்த வேலை 1976 வரை நீண்டது.

இவ்வளவு பெரிய சுமையைச் சுமந்தவர் சிறுவர்களுக்கு நாவலும் எழுதினார் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். இசை உலகம் அவரைக் கீர்த்தனைகளுக்காக நினைக்கிறது, கல்வி உலகம் களஞ்சியத்துக்காக நினைக்கிறது. ‘கொல்லிமலைக் குள்ளன்’, ‘சங்ககிரிக் கோட்டையின் மர்மம்’, ‘தரங்கம்பாடித் தங்கப் புதையல்’ என்ற பெயர்களைச் சொன்னால் இன்று எத்தனை பேர் நிமிர்ந்து பார்ப்பார்கள்?

பெயர்களே ஒரு பயண வரைபடம். இங்கிலாந்தில் எனிட் பிளைட்டனின் சிறுவர் கதைகளில் வரும் ஐவர் 1942 முதல் தங்கள் கடற்கரைகளிலும் தீவுகளிலும் மர்மம் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்த ஐவரில் ஒன்று நாய். தூரனின் பிள்ளைகளோடு போனது ஜின்கா என்ற குரங்கு. அவர்கள் போன இடங்கள் தமிழ்ப் பிள்ளைகள் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கக்கூடியவை. சங்ககிரி, 1805-ல் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்ட மலைக்கோட்டை. தரங்கம்பாடி, 1620-ல் டேனிஷ்காரர்கள் வந்து கோட்டை கட்டிய கடற்கரை. கொல்லிமலையோ, சங்கப் புலவர்கள் பாடிய வல்வில் ஓரியின் மலை. கதையில் விறுவிறுப்பு வேண்டுமென்றால் வெளிநாட்டுக்குத்தான் போக வேண்டும் என்ற நினைப்பு அவருக்கு இருக்கவில்லை. களஞ்சியத்துக்காகத் தமிழ்நாட்டின் மலையையும் கோட்டையையும் துருவிய மனம்தான் இந்தக் கதைகளுக்கும் இடம் தேடியிருக்கும் என்று எனக்குப் படுகிறது.

1968-ல் தூரனுக்குப் பத்மபூஷண் வந்தது. 1987-ல் காலமானார். களஞ்சியங்கள் இரண்டையும் இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் காசில்லாமல் படிக்கலாம். நாவல்களுக்கும் நல்ல படங்களோடு புதுப் பதிப்புகள் வர வேண்டும். திருப்பூரில் ஆண்டுதோறும் நடக்கும் புத்தகத் திருவிழாவில் சிறுவர் அரங்கின் முதல் வரிசையில் அவை இருக்க வேண்டும்.